தாத்தாவுக்கு ஏது எஸ்டேட்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். போன மாசம் தாத்தா தவறிட்டார். பேங்குல இருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்துல அவர் பேரோட 'எஸ்டேட்'னு இருந்துச்சு. படிச்சுக் காட்டினதும் பாட்டி, "ஆயுசு பூரா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன மனுசன், அவருக்கு ஏதுடா எஸ்டேட்டு?"ன்னாங்க.

செத்தவர் விட்டுட்டுப் போன வீடு, காசு, கடன் எல்லாம் சேர்ந்ததும் எஸ்டேட்தானாம். லண்டன்ல குடியிருப்புப் பேட்டையும் எஸ்டேட், பின்பக்கம் நீண்ட காரும் எஸ்டேட். பத்திரிகைத்துறை நான்காவது எஸ்டேட்! நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தோட்டமும், அங்க கணக்கெழுதுற கிராணியும்தான்.

மலாய்ல 'புசாக்கா'ன்னதும் பாட்டிக்குப் புரிஞ்சிடுச்சு. தமிழ்ல என்ன சொல்றது? 'சொத்து'ன்னா கடன் அதுல வராதே.

வீடு தாத்தா பேர்ல இருக்கு. 1955ஆம் ஆண்டு சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்துல மனு போட்டவங்க யாராவது இருந்தா, என்னென்ன பத்திரம் கேட்டாங்கன்னு சொல்லுங்க.