‘டொமினியன்’ ஆவணப்படமும் நம் ஊர்க் கறிக்கடையும்: தவறு கொடுமையிலா, கொலையிலா?

மேழி:
2018-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ‘டொமினியன்’ ஆவணப்படத்தை இந்த வாரம் முழுமையாகப் பார்த்தேன். பண்ணைகளுக்குள்ளும் இறைச்சிக்கூடங்களுக்குள்ளும் மறைத்துவைத்த கேமராக்களும், மேலே பறந்த டிரோன்களும் எடுத்த காட்சிகள்தான் அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி. பன்றிகளைக் கூண்டோடு கரியமில வாயு நிரம்பிய குழிக்குள் இறக்குகிறார்கள்; நினைவு தப்பும்வரை அவை மூச்சுத் திணறி, கூண்டின் மேல்கம்பிகளில் மூக்கை முட்டிக்கொண்டு அலறுகின்றன. முட்டையினக் கோழிகளில் சேவலாகப் பிறந்த குஞ்சுகள் பொரித்த அன்றே அரைவை இயந்திரத்துக்குள் போகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கின்றன என்பதுதான் படத்தின் வாதம். ஏதோ சில கெட்ட பண்ணைகளின் செயல் என்று ஒதுக்கிவிட இடமில்லாததால், இறைச்சியையும் முட்டையையும் பாலையும் விட்டுவிடுவது ஒன்றே நேர்மையான முடிவு என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வன்னிமகன்:
நான் மெல்பேர்ணில் வசிப்பவன். இப்படம் வெளிவந்து ஓராண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2019 ஏப்ரல் 8 அன்று ஆர்வலர்கள் இந்நகரின் நடுச்சந்தியை மறித்து அமர்ந்தார்கள். அதே ஆண்டில் அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பண்ணைக்குள் அத்துமீறி நுழையும்படி இணையம் வழியாகத் தூண்டுவது குற்றம் என்றும், சொத்துக்குச் சேதம் விளைவிக்கவோ திருடவோ தூண்டினால் ஐந்தாண்டுவரை சிறை என்றும் அது சொல்கிறது. பன்றியின் அலறலுக்குப் பரிகாரம் தேடுவதைவிட அதைப் படம் பிடிக்கப் போகிறவர்களைத் தடுப்பதில் அரசு விரைவு காட்டியது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் மேழியின் முடிவு எனக்கு ஏற்புடையதன்று. வாயுவில் மூச்சடைத்துக் கொல்வது கொடுமை என்றால் வாயுவைத் தடை செய்யலாம். கூண்டு கொடுமை என்றால் கூண்டை ஒழிக்கலாம். 2012 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வெற்றுக் கம்பிக் கூண்டுகளுக்கு இடமில்லை. ஆண் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022-இல் தடை செய்தது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே பாலினத்தைக் கண்டறியும் முறை வந்துவிட்டது. கொல்லும் முறையைக் காட்டிவிட்டு, கொல்லுதலே தவறு என்று முடிப்பது தருக்கத்தில் ஒரு தாவல்.

மேழி:
தாவல் என்கிறீர்கள். உங்கள் நாட்டிலேயே ‘திறந்தவெளிக் கோழி’ முட்டை என்ற முத்திரைக்கு 2018 முதல் நடப்பிலுள்ள விதி என்ன? எக்டேருக்கு 10,000 கோழிகள்வரை அடைக்கலாம். அதாவது கோழி ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர், அதுவும் அது கொட்டகையை விட்டு வெளியே வந்தால்தான். சீர்திருத்தம் என்ற பெயரில் வாங்குபவரின் மனச்சான்று தேற்றப்படுகிறது. கோழிக்குக் கிடைப்பது சொற்பம்.

செம்பருத்தி:
மேழியின் இரக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நம் நாட்டில் ‘கறி தின்னாதே’ என்பதை யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வீடு தேடிப்போய், ‘நீங்கள் சைவமா’ என்ற முதற்கேள்வியிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள். உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு திடீரெனக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியதும், எதிர்ப்பு வலுத்து 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். கை வைக்கப்பட்டது கிராமத்துச் சிறுதெய்வங்களின் கிடாவெட்டில். கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருந்த கோழிகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆடு வளர்த்த வீட்டாரே பெயர் சொல்லி அழைத்து, ஆண்டுக்கொருமுறை அறுத்துப் பங்கிட்டு உண்பதையும், அந்த ஆஸ்திரேலியத் தொழிற்கூடத்தையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று: சைவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் குடிக்கும் பாலுக்காகப் பிறக்கும் காளைக்கன்றுகளும் கிடாக்கன்றுகளும் எங்கே போகின்றன? எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருப்பது பால்பண்ணைத் தொழிலோடு தொடர்பில்லாத செய்தியன்று.

மேழி:
பாலைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடே இல்லை. என் முதற்பதிவிலும் பால் இருக்கிறது. சாதியைக் காட்டி வீடு மறுப்பவரோடு என்னை நிறுத்த வேண்டாம். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஆடும் கத்தியைக் கண்டு மிரளத்தான் செய்யும். ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்’ என்ற குறள் வாங்குபவனையும் கொலையில் பங்காளியாக்குகிறது. அதற்கு விடை சொல்லாமல் வரலாற்றுக்குள் போவது ஏன்?

கரிசல்வாசி:
குறளை எடுத்தால் புறநானூற்றையும் எடுக்க வேண்டியிருக்கும். ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியாததால் தம் கை மென்மையாக இருக்கிறது என்று சேரமன்னனிடம் கூறியவர் கபிலர். இலக்கியத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

சட்டத்துக்கு வருகிறேன். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதற்குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரை. ஒரு தட்டு பிரியாணி அதைவிட விலை கூடுதல். உணவுக்காகக் கொல்வதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. தேவையற்ற வலி கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 2001-இன் இறைச்சிக்கூட விதிகளின்படி வெட்டுவதற்குமுன் விலங்குக்கு 24 மணி நேர ஓய்வு தர வேண்டும். ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை வெட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருமுனைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்: உரித்துத் தொங்கும் ஆட்டுக்குக் கீழேயே அடுத்த ஆடு கட்டப்பட்டுத் தழை மென்றுகொண்டிருக்கும். கோழிக்கடையில் கழுத்தை அறுத்த கோழியை நீல நிற பிளாஸ்டிக் டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அது அடங்கும்வரை டிரம் அதிரும், கடைக்காரர் அடுத்த கோழியைத் தராசில் வைத்துக்கொண்டிருப்பார். இருக்கிற விதியையே நிறைவேற்றாத ஊரில் ‘முற்றிலும் விடு’ என்பது, யாரும் எதையும் மாற்றாமல் கலைந்துபோகத்தான் வழி செய்யும்.

பல்லடத்தான்:
கறிக்கோழிக் கொட்டகை வைத்திருப்பவன் என்ற முறையில் சில செய்திகள். இங்கே கறிக்கோழிக்குக் கூண்டு கிடையாது. தேங்காய் நார்த்தூள் பரப்பிய தரையில்தான் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்சாரம், உழைப்பு என்னுடையவை. எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தொட வேண்டும். கோடையில் வெப்பம் தாங்காமல் கோழி செத்தால் அது என் கணக்கில்தான் விழும். ஆகவே விசிறியும் நீர்த்தெளிப்பானும் யாரும் சொல்லாமலே ஓடுகின்றன. கொடுமைக்காரர்கள் என்று எங்களைச் சுட்டுபவர்கள், நாட்டுக்கோழியை அதன் விலைக்கே வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

மேழி:
உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, ஐயா. விசிறியால் தீராத ஒன்று அந்தக் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது. நாற்பது நாளில் இரண்டு கிலோ என்று பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால், கால்கள் எடையைத் தாங்காமல் நொண்டும் கோழிகள் உங்கள் கொட்டகையிலும் இருக்கும். அவற்றின் தாய்க்கோழிகளுக்கு வயிறார இரை வைத்தால் கொழுத்து முட்டை குறையும் என்பதால் அளந்துதான் வைக்கிறார்கள். வாழ்நாளில் பெரும்பகுதி அவை பசியோடே இருக்கின்றன. இது யாருடைய கெட்ட மனமும் அன்று. மலிவு விலையின் உள்ளமைப்பே இதுதான்.

செம்பருத்தி:
அந்த மலிவு விலையால்தான் சத்துணவுத் தட்டில் முட்டை இருக்கிறது. வீட்டில் வாரத்தில் ஒருநாள்கூட முட்டை வாங்க முடியாத குழந்தைக்கு, பள்ளியில் கிடைப்பதையும் எடுத்துவிடச் சொல்வீர்களா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

மேழி:
எடுக்கச் சொல்லமாட்டேன். மாற்று இல்லாத குழந்தையையும், மாற்று ஆயிரம் இருக்கிற என்னையும் ஒரே கட்டளையால் கட்ட முடியாது. ஆனால் அந்த முட்டை நாமக்கல்லின் எந்தக் கூண்டிலிருந்து வர வேண்டும் என்பதை, வாங்கும் அரசு நிர்ணயிக்கலாம். 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட முட்டைக்கோழி விதிகள் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் என்கின்றன. அது ஓர் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. அதற்குமேல் இடம் தருகிற பண்ணைக்கே ஒப்பந்தம் என்று அரசு எழுதினால் மறுப்பீர்களா?

செம்பருத்தி:
மறுக்கமாட்டேன். கூடுதல் செலவை அரசே ஏற்க வேண்டும், முட்டையின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பவை என் நிபந்தனைகள். இதற்கு ஒப்புவதால் நான் ஆட்டுக்கறியை விடப்போகிறேன் என்று பொருள் கொள்ள வேண்டாம்.

பல்லடத்தான்:
முட்டைப் பண்ணைக் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு என்றாலும் ஒன்று சொல்கிறேன். சதுர அடிக்கு ஒரு கோழி என்பதை ஒன்றரை அடிக்கு ஒன்று என்று மாற்றினால், ஒரு சுற்றில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு கோழி குறையும்; கொட்டகைக் கடனின் தவணை குறையாது. அந்த வேறுபாட்டைக் கூலியில் ஏற்றித் தர நிறுவனம் முன்வந்தால் நாளைக்கே இடம் விடுகிறேன். வன்னிமகன், உங்கள் ஊரில் விதி மாறியபோது அந்தப் பணத்தை வளர்ப்பவருக்குக் கொடுத்தவர் யார்: அரசா, கடைக்காரரா, வாங்கியவரா?