காய்ப்புழுவின் குடல் நொதி அளவீடு: நஞ்சா, பட்டினியா?

வணக்கம். பிடி (Bt) பாக்டீரியாவின் நஞ்சு கொடுத்த காய்ப்புழுவின் நடுக்குடலில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நான்காம் பருவப் புழுவுக்கு கிரை1ஏசி (Cry1Ac) என்ற பிடி நஞ்சு கலந்த செயற்கை உணவு. 24 மணி நேரம் கழித்து, பனிக்கட்டி மேல் வைத்து அறுத்துக் குடலை எடுக்கிறேன். டிரிப்சின் வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் பிஏபிஎன்ஏ (BApNA) சேர்த்து, பிஎச் 10.5-ல், 410 நானோமீட்டரில் மஞ்சள் நிறத்தை அளக்கிறேன். நஞ்சு தின்ற புழுவில் அளவு நன்றாகவே குறைகிறது. முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: நஞ்சு உள்ளே போனதும் புழு தின்பதையே நிறுத்திவிடுகிறது. அறுத்தால் நஞ்சு கொடுக்காத புழுவின் குடல் பச்சையாகப் புடைத்திருக்கிறது, நஞ்சு தின்ற புழுவின் குடலில் வெறும் தெளிந்த நீர்தான். அப்படியென்றால் நான் அளப்பது நஞ்சின் விளைவா, பட்டினியின் விளைவா?

சுமார் 130 கிலோடால்டன் எடையுள்ள, இன்னும் செயல்படாத முன்நஞ்சை வெட்டி, செயல்படும் 65 கிலோடால்டன் நஞ்சாகக் கொண்டுவருவதே இந்த நொதிகள்தான் என்பதால் இதை அலட்சியமாக விட முடியவில்லை.

நஞ்சில்லாமல் பட்டினி போட்ட புழுக்களை மூன்றாவது குழுவாக வைத்தால் போதுமா? எத்தனை மணி நேரம் பட்டினி போடுவீர்கள்? குடல் நீரையும் குடல் சுவரையும் தனித்தனியாக அளப்பது நல்லதா? உணவில் கொண்டைக்கடலை மாவு இருக்கிறது, அதிலேயே டிரிப்சின் தடுப்பான் உண்டே, வேகவைத்தால் தீருமா?

இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன்: முதல் தொகுதியில் புரதம் சிதையாமல் இருக்கட்டும் என்று டிரிப்சின் போன்ற நொதிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் (PMSF) ஊற்றிவிட்டேன். அளக்க வேண்டிய நொதியையே முடக்கிவிட்டேன்! அந்த மாதிரிகளைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?