விஎஃப்ஐஓ மேப், அன்மேப் பேட்ச் ரிவ்யூ: எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பறக்கும்_ரயில்:

வணக்கம். பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் டிரைவர் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பேட்ச் தொடர் (கோடு மாற்றங்களின் வரிசை) ரிவ்யூவுக்காக என் தலையில் விழுந்தது. விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு பிசிஐ கார்டை நேரடியாகக் கொடுக்கும்போது, கார்டு கேட்கும் முகவரியை நிஜ மெமரி முகவரியாக மாற்றித் தரும் பகுதி. லினக்ஸ் கர்னலில் சாதனத்தை யூசர் பிராசஸிடம் ஒப்படைக்கும் பகுதிதான் விஎஃப்ஐஓ; அதன் டைப்1 கோடைப் பார்த்து எங்கள் ஆட்களே எழுதிய மாட்யூல் இது. கீழே கர்னலின் பொது ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் கேட்கும் முகவரியை மாற்றித் தரும் ஹார்ட்வேர்) ஃபங்ஷன்களைத்தான் கூப்பிடுகிறது.

டிரைவர் கோடு என்றால் பயமில்லை. இதில் மூன்று விதமான முகவரி வருகிறது, மூன்றும் வெறும் நம்பர்தான். ரயிலில் மயிலாப்பூர் வருவதற்குள் ஒரு பேட்ச்சாவது முடியும் என்று பார்த்தால் மேப் ஃபங்ஷனையே (முகவரிகளை இணைப்பது) தாண்ட முடியவில்லை. எங்கே தொடங்குவது? இன்னொன்று, லேப் சர்வர் எப்போதும் வேறு டீமிடம்தான் இருக்கிறது. லேப்டாப்பிலேயே சோதிக்க வழி உண்டா?

ஓஎம்ஆர்_யூடர்ன்:

முதலில் கோடைச் சோதிக்கும் கருவிகளான செக்பேட்ச், ஸ்பார்ஸ் இரண்டையும் ஓட்டுங்கள். லாக்டெப் (லாக் வரிசைத் தப்பைப் பிடிப்பது), கேசன் (மெமரித் தப்பைப் பிடிப்பது) போட்ட கர்னலில் பில்ட் பண்ணுங்கள். பாதி குப்பை அங்கேயே போய்விடும்.

இரவல்_பேஜ்:

தம்பி, மேப்பை மூடி வையுங்கள். அந்த இணைப்பை எடுக்கும் அன்மேப்பில் ஆரம்பியுங்கள்.

மேப் தப்பாக இருந்தால் கார்டு வேலையே செய்யாது, எழுதியவரே அன்றைக்கே பிடித்திருப்பார். அன்மேப் தப்பாக இருந்தால் எல்லாம் ஜோராக ஓடும். என்றைக்கோ ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஒரு பிராசஸின் மெமரியில் குப்பை வந்து உட்காரும். கேசனும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எழுதியது சிபியு இல்லை, கார்டு.

முகவரிக் கணக்கு இதுதான். கெஸ்டுக்குள் (விர்ச்சுவல் மெஷினுக்குள்) விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ இல்லாத சாதாரண அமைப்பில், ஐஓவிஏ, அதாவது கார்டு கேட்கும் முகவரி என்பது கெஸ்ட் தன் ஃபிசிக்கல் முகவரி என்று நம்பிக்கொண்டிருக்கும் அதே நம்பர். அதே ரேம், விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஇஎம்யூ பிராசஸுக்குள் ஒரு யூசர் முகவரி. இந்த இரண்டும் மேப் அழைப்பிலேயே வந்துவிடும். மூன்றாவது, ஹோஸ்டின் நிஜ முகவரி, பேஜை (மெமரியின் ஒரு துண்டை) நகரவிடாமல் பூட்டிய பிறகுதான் கைக்கு வரும். அந்தப் பூட்டுதான் பின்னிங்.

ஏன் பூட்ட வேண்டும்? சிபியு பக்கம் பேஜ் இல்லையென்றால் ஃபால்ட் வரும், கர்னலில் விர்ச்சுவல் மெஷினைக் கவனிக்கும் கேவிஎம் கொண்டுவந்து கொடுக்கும். ஹோஸ்ட் பேஜை நகர்த்தினாலும் எம்எம்யூ நோட்டிஃபையர் என்ற அறிவிப்பு வழி அதனிடம் சொல்லிவிடும். பெரும்பாலான கார்டுகளுக்கு அந்த வசதி கிடையாது, டிஎம்ஏ (கார்டே நேரடியாக மெமரியைப் படிப்பது, எழுதுவது) நடுவில் பேஜ் இல்லையென்றால் கதை முடிந்தது. அதனால் கெஸ்ட் ரேம் மொத்தத்தையும் முன்கூட்டியே பூட்ட வேண்டியிருக்கிறது. 16 ஜிபி கெஸ்ட் என்றால் 4 கேபி கணக்கில் 41,94,304 பேஜ். ஒவ்வொரு பூட்டுக்கும் சரியாக ஒரு விடுவிப்பு இருக்க வேண்டும், தோல்வியில் முடியும் பாதையிலும்.

இப்போது அன்மேப். டேபிளில் என்ட்ரியை அழி. ஐஓடிஎல்பி-யை (ஐஓஎம்எம்யூ கேஷ் பண்ணி வைத்திருக்கும் மொழிபெயர்ப்புகளை) காலி செய், இதுதான் ஃப்ளஷ். அது முடியும்வரை காத்திரு. அப்புறம்தான் பின்னை விடு. ஐஓடிஎல்பி காலியாகும் முன் பின்னை விடுவது, பழைய ஆளிடம் சாவி வாங்காமலேயே வீட்டை அடுத்த குடித்தனத்துக்கு விடுவது மாதிரி. பேஜ் வேறு பிராசஸுக்குப் போயிருக்கும், கார்டு பழைய மொழிபெயர்ப்பை வைத்து அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்து, பாதியில் தோற்கும் இடங்கள். பின் பண்ணும் ஃபங்ஷன் கேட்டதைவிடக் குறைவான எண்ணிக்கையைத் திருப்பித் தரலாம், அது எரர் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கோடை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். லாங்டெர்ம் ஃப்ளாக் (நீண்ட காலப் பூட்டு என்று சொல்வது) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் மூவபிள் ஸோனில் (நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கான இடத்தில்) இருக்கும் பேஜ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஐஓவிஏ-வோடு சைஸைக் கூட்டி ஒப்பிட்டால், 64 பிட்டின் உச்சியில் முடியும் ரேஞ்ச் சுற்றிக்கொண்டு பூஜ்யமாகிவிடும். கடைசி பைட்டை வைத்து, அதாவது ஒன்றைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். எக்ஸ்86-இல் 0எக்ஸ்எஃப்இஇ00000 தொடங்கி 1 எம்பி இடம் இன்டரப்டுக்கானது, அங்கே மேப் கேட்டால் மறுக்கிறதா?

லேப்டாப் போதும். கியூஇஎம்யூ-வில் க்யூ35 மெஷின், அதில் இன்டெல் ஐஓஎம்எம்யூ, கூடவே 'எடு' என்ற பாடம் சொல்லித்தரும் பிசிஐ சாதனம். அது டிஎம்ஏ செய்யும். அந்த ஐஓஎம்எம்யூ-வும் மொழிபெயர்ப்பை கேஷ் பண்ணும், அதனால் ஃப்ளஷையே மறந்திருந்தால் அங்கேயே மாட்டும். ஃப்ளஷ் இருந்து வரிசை மட்டும் மாறியிருந்தால் மாட்டுவது அதிர்ஷ்டம், அதற்குக் கண்தான் வேண்டும்.

சைதை_64பிட்:

அன்மேப்பில் தொடங்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் லாக். மாட்யூலின் மியூட்டெக்ஸை (அதன் சொந்த லாக்கை) பிடித்துக்கொண்டு பின் பண்ணினால், உள்ளே பிராசஸின் முகவரி அமைப்பைக் காக்கும் எம்மேப் லாக்கும் எடுக்கப்படும். கார்டின் பார் பகுதியை (அதன் ரெஜிஸ்டர்கள் தெரியும் முகவரி இடத்தை) யூசருக்குக் காட்டும் ஃபால்ட் ஹேண்ட்லர் எம்மேப் லாக்கோடுதான் வரும். அங்கே அதே மியூட்டெக்ஸைத் தொட்டால் டெட்லாக், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்தே நிற்கும். இரண்டு பாதையும் ஒருமுறையாவது ஓடினால்தான் லாக்டெப் கத்தும். அது தெரியாமல் அன்மேப்பை எத்தனை தடவை படித்தும் பிரயோஜனமில்லை.

பறக்கும்_ரயில்:

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. :)

தப்பு அன்மேப்பில்தான் இருக்கிறது. லூப்புக்குள்ளேயே பின்னை விட்டுவிட்டு, வெளியே வந்து ஒரே ஒரு ஃப்ளஷ். எழுதியவரைக் கேட்டால் "ஒவ்வொரு துண்டுக்கும் ஃப்ளஷ் பண்ணினால் கெஸ்டை அணைக்கவே நேரமாகிறது" என்கிறார். அவர் காட்டும் நம்பரும் உண்மைதான். என்ன பதில் சொல்வது?

சைதை சார், எங்கள் மாட்யூலில் ஃபால்ட் ஹேண்ட்லர் இல்லை, ஆனால் அடுத்த தொடரில் வருகிறது. குறித்து வைத்துக்கொண்டேன்.

இரவல்_பேஜ்:

மன்னிக்கணும் தங்கச்சி.

ஃப்ளஷைச் சேர்த்துச் செய்வதில் தப்பே இல்லை, விடுவிப்பையும் சேர்த்துத் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான். அவர் பார்த்து எழுதிய டைப்1-லேயே இது இருக்கிறது: ஃபாஸ்ட் அன்மேப் (உடனே ஃப்ளஷ் பண்ணாத அன்மேப்) செய்த துண்டுகளை ஒரு லிஸ்டில் போட்டுக்கொண்டே போகும், 512 சேர்ந்ததும் ஒரே சிங்க் (எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஃப்ளஷ்), அதற்குப் பிறகு லிஸ்டில் இருப்பவற்றின் பின்னை விடும். லிஸ்டில் போட மெமரி கிடைக்காவிட்டால், அந்தத் துண்டுக்கு மட்டும் மெதுவான பழைய வழி. வேகமும் கிடைக்கும், வரிசையும் கெடாது.

கெஸ்ட் ரேமுக்கு ஹியூஜ் பேஜ் போடச் சொல்லுங்கள். 2 எம்பி ஆனால் அதே 16 ஜிபிக்கு 8,192 என்ட்ரிதான், அவர் சொல்லும் தாமதத்தில் பெரும்பங்கு அங்கேயே குறையலாம். இரண்டும் செய்த பிறகு நம்பரை மறுபடி எடுத்து பேட்ச் விளக்கத்திலேயே போடட்டும். அதுவரை ரிவ்யூட்-பை (பார்த்து ஒப்புக்கொண்டேன் என்ற வரி) கொடுக்காதீர்கள், மேனேஜர் வந்து நின்றாலும்.