சுருள்வில்லின் அலைவு நேரம் கணக்கைவிடக் கூடுவது ஏன்?

சேலம் குகைப் பகுதி மாணவி:
வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் தனிச்சீரிசை இயக்கம் படித்த கையோடு, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 60 கிராம் எஃகுச் சுருள்வில்லை வீட்டு ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டுச் சோதித்தேன். ஒவ்வொரு 100 கிராமுக்கும் வில் 4.9 செ.மீ. நீள்வதால், சுருள்வில் மாறிலியை, அதாவது வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசையை, மீட்டருக்கு 20 நியூட்டன் என்று கொண்டேன். நிறையை இந்த மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் பெருக்கினால் அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்க ஆகும் நேரம், கிடைக்கும் என்பது சூத்திரம். அதன்படி 100 கிராம் நிறை 20 அலைவுகளை 8.9 வினாடியில் முடிக்க வேண்டும்; எத்தனை முறை எண்ணினாலும் 9.7 அல்லது 9.8 தான் வருகிறது. 300 கிராமுக்கு 15.4 வர வேண்டிய இடத்தில் 15.9 வருகிறது. எடைத்தாங்கியின் நிறையையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறேன். இன்னோர் ஐயமும் உண்டு: தொங்கும் நிறையால் ஏற்படும் நீட்சியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் பெருக்கினாலும் அலைவு நேரம் கிடைக்கிறது. அப்படியானால், ஈர்ப்பு சற்றே குறைந்த ஏற்காட்டில் இந்த வில் மெதுவாக ஆடுமா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
நீங்கள் எண்ணியதில் பிழையில்லை. சுருள்வில்லுக்கு நிறையே கிடையாது என்று சூத்திரம் வைத்துக்கொள்கிறது. உங்கள் வில்லோ 60 கிராம் இருக்கிறது. அதன் நடு வளையத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிப் பாருங்கள்: நிறை 3 செ.மீ. இறங்கும்போது நூல் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. மட்டுமே இறங்கும், கொக்கியை ஒட்டிய வளையம் அசையவே அசையாது. ஒவ்வொரு வளையத்தின் வேகமும் கொக்கியிலிருந்து அதன் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதாலும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதாலும், எல்லா வளையங்களின் ஆற்றலையும் தொகையிட்டால், வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்முனையில் சேர்ந்து ஆடுவதற்குச் சமமாகிறது. பாதி என்று எழுதிவிடும் மாணவர்கள் பலர். அவர்கள் இருமடியை மறந்தவர்கள். 20 கிராமைக் கூட்டி 120, 320 என்று கணக்கிட்டால் 9.73, 15.90 வினாடிகள் வரும். 200 கிராமையும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏற்காட்டுவாசி:
இரண்டாவது ஐயத்துக்கு விடை: மெதுவாக ஆடாது. ஈர்ப்பு குறையும்போது நீட்சியும் அதே விகிதத்தில் குறைவதால் இரண்டின் ஈவு மாறுவதில்லை. அது நிறையைச் சுருள்வில் மாறிலியால் வகுத்துக் கிடைக்கும் ஈவேயன்றி வேறில்லை. ஊசலின் நீளம் அப்படி ஈர்ப்போடு சேர்ந்து மாறாது. ஆகவே சேலத்தில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே உள்ள இங்கு, உயரத்தால் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 16 வினாடி பின்தங்க வேண்டும். மலைப்பாறையும் தன் பங்குக்கு ஈர்ப்பதால் அது சற்றுக் குறையும். குளிரில் ஊசல் தண்டு சுருங்குவதும் சில வினாடிகளைத் திருப்பித் தரும். உங்கள் வில்லின் 4.9 செ.மீ. நீட்சியில் 0.02 மி.மீ. மட்டுமே குறையும் என்பதால், இதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வர வேண்டியதில்லை.

கல்லூரி விரிவுரையாளர்:
ஒரு சிறு திருத்தம். மூன்றில் ஒரு பங்கு என்பது, தொங்கும் நிறை வில்லைவிட மிகுதியாக இருக்கும்போது பொருந்தும் தோராயமே. எதையும் தொங்கவிடாமல் வில்லை மட்டும் அலையவிட்டால், அந்தப் பங்கு ஏறத்தாழ 0.405 ஆகிவிடும். 100 கிராமில் உங்களுக்குச் சில வேளைகளில் 9.8 வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குகைப் பகுதி மாணவி:
மூவருக்கும் நன்றி. 200 கிராமுக்கு 13.2 வினாடி வந்தது. 220 என்று வைத்துக் கணக்கிட்டால் 13.18. வெறும் வில்லின் அலைவுகள் கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் ஓடுவதால், கைப்பேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.