ஆபீஸ்ல ரெண்டாவது பிரிண்டர் சேர்த்தா மறுநாளே ஆஃப்லைன்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, ஈரோட்ல சின்ன ஆடிட்டர் ஆபீஸ், 6 கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் 10. பழைய லேசர் பிரிண்டர் ரவுட்டர்ல ஒயர் போட்டு நல்லா ஓடுது, இப்ப இன்னொன்னு வாங்கி வைஃபைல சேர்த்தோம், அன்னைக்கு பிரிண்ட் வருது, காலைல வந்து பார்த்தா எல்லா சிஸ்டத்துலயும் ஆஃப்லைன், டெலீட் பண்ணி சேர்த்தா திரும்ப வருது. ரிட்டர்ன் போடற நேரம், யாராச்சும் சொல்லுங்க.

பதில்:
நைட்டு பிரிண்டரை ஆஃப் பண்ணிட்டு போவீங்கன்னு நினைக்கிறேன். காலைல ரவுட்டர் வேற ஐபி (நெட்வொர்க்ல பிரிண்டரோட முகவரி நம்பர்) குடுத்திருக்கும், சிஸ்டம் பழைய நம்பர்லயே தேடிட்டிருக்கும். ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ஒரு மெஷினுக்கு எப்பவும் ஒரே ஐபி குடுக்கற செட்டிங்) போய் பிரிண்டரோட மேக் அட்ரஸ் (அந்த மெஷினோட அடையாள நம்பர்) போட்டு 192.168.1.50 மாதிரி வேற எதுவும் எடுக்காத நம்பரை அதுக்கே ஒதுக்கிடுங்க.

பதில்:
மேல நண்பர் சொன்னது சரி, ஆனா அது மட்டும் போதாதுங்க. விண்டோஸ் தானா தேடி சேர்த்தா பல நேரம் டபிள்யூஎஸ்டி போர்ட்ல (விண்டோஸ் தானா கண்டுபிடிச்சு போடற இணைப்பு) போட்டுடும், அதான் பாதி தலைவலி. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல போர்ட்ஸ் போய் புதுசா ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் (ஐபி நம்பரை வச்சு நேரா போற இணைப்பு) போட்டு அந்த ஐபியைக் குடுங்க, போர்ட் நம்பர் 9100னு இருக்கணும். அப்பவும் ஆஃப்லைன் காட்டினா அதே இடத்துல எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டர் நிலைமையை கேட்டு பார்க்கற வசதி) டிக்கை எடுத்துடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, டபிள்யூஎஸ்டினுதான் இருந்துச்சு, மாத்திட்டேன், இன்னைக்கு காலைல நேரா பிரிண்ட் வந்துடுச்சு. ஆனா டிஃபால்ட் பிரிண்டர் அதுவா மாறிட்டே இருக்கே?

பதில்:
செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் பக்கத்துல டிஃபால்ட்டை விண்டோஸே பார்த்துக்கற ஆப்ஷன் டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துட்டு வேணுங்கறத வைங்க, ஒவ்வொரு சிஸ்டத்துலயும் பண்ணணும்.