அப்பாவின் கணினியை மீட்ட கதை: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

வெள்ளவத்தைக்காரன்:

போன மாதம் எங்கள் வீட்டு டெஸ்க்டொப் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. ஃபேனில் தூசி என்று நினைத்து நான் கணக்கெடுக்கவில்லை. ஒரு நாள் விண்டோஸ் எழும்பவே இருபது நிமிடம் எடுத்தது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் கட்டம், அதாவது எச்சரிக்கை. படிக்க முடியாத செக்டர்கள் பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டு போகின்றன.

அது அப்பா பாவிக்கும் கணினி. தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது மோசம் போனால், 31ஆம் நாள் கல்வெட்டுக்கு (நினைவு மலருக்கு) வெண்பா எழுதி, பாமினி எழுத்துருவில் தட்டி, பேஜ்மேக்கர் என்ற பழைய புரோகிராமில் பக்கம் போட்டுக் கொடுப்பார். இருபது வருட வேலை. பேஜ்மேக்கர் சிடி எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு புது விண்டோஸ் போட்டால், பாமினி இல்லாத இடத்தில் ‘அம்மா’ என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அதனால் கணினியை அப்படியே, புரோகிராம், எழுத்துரு எல்லாவற்றோடும் திருப்பி எடுக்க வேண்டும்.

நல்ல காலம், விண்டோஸ் 10இன் கண்ட்ரோல் பேனலில் இன்னும் கிடக்கும் அந்தப் பழைய விண்டோஸ் 7 பேக்கப்பால் மாதா மாதம் முழு இமேஜ் (டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றினதும் அச்சொட்டான பிரதி) எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்திருந்தேன். 2017இலேயே மைக்ரோசொஃப்ட் அதைக் கைவிடப்போகும் பட்டியலில் போட்டுவிட்டது. ஆனாலும் வேலை செய்கிறது. எடுத்தேனே தவிர, ஒரு தரமாவது திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை.

பழைய டிஸ்க் 1 டிபி. உள்ளே இருந்தது 210 ஜிபிதான். 480 ஜிபி எஸ்எஸ்டி தாராளம் என்று பம்பலப்பிட்டியில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். மீட்க ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை இந்த டூல் பார்ப்பதில்லை. பழைய டிஸ்க் எவ்வளவு பெரிதோ, புதியதும் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும். திரும்பவும் கடைக்கு. அங்கிருந்த பொடியன் 960 ஜிபி ஒன்றை எடுத்து நீட்டி, “இதுவும் ஒரு டிபிதான் அண்ணா” என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்ததால் தப்பினேன். 40 ஜிபி குறைந்தாலும் அதே கதைதான். 1000 என்று போட்டதைக் கேட்டு வாங்கினேன்.

பிறகு விண்டோஸ் மீட்பு பென் டிரைவில் பூட் செய்தால், இமேஜே இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் மினக்கெட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது: ஒழுங்காக இருக்கட்டும் என்று, திரும்பக் கடைக்குப் போகமுதல், இமேஜ் இருந்த ஃபோல்டருக்கு ‘அப்பா ஜனவரி’ என்று நானே பெயர் வைத்திருந்தேன்! அது டிரைவின் முதல் மட்டத்தில், விண்டோஸ் வைத்த அதே பெயரோடு இருந்தால்தான் கண்ணில் படும். இன்னொரு கணினியில் போட்டுப் பெயரை மாற்றிக் கொண்டுவந்தேன்.

மூன்றாவதாக ஒரு செய்தி: இமேஜ் எடுத்த கணினி இஎஃப்ஐ (கணினி எழும்பும் புது முறை), இந்தக் கணினி பயோஸ் (பழைய முறை), ஆகவே முடியாது. இதென்னடா, கணினி ஒன்றுதானே? பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தரம் வரும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. இல்லாததை அழுத்தியிருக்கிறேன்.

சரி, ஓடத் தொடங்கியது. முன்பக்க யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருந்தபடியால் இரண்டு மணி நேரம் பிடித்தது. பின்னால் வேகமான நீலத் துளை இருந்தது. எழும்பி மாற்றப் பயம், அப்படியே விட்டேன். இன்னொன்று: டிஸ்க்குகளை அழித்துப் பிரிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கணினியில் இருக்கும் மற்ற டிஸ்க்கும் அழிபடக்கூடும். விலக்குவதற்கு ஒரு பட்டன் உண்டு. நான் அதை நம்பாமல் படங்கள் இருந்த டிஸ்க்கின் வயரைக் கழற்றிவைத்தேன்.

இரவு ஒன்பதரைக்கு எழும்பியது. அப்பா வந்து உட்கார்ந்து, ஒரு கல்வெட்டைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலும் கீழும் பார்த்தார். “புது டிஸ்க் போட்டனி எண்டாய், எல்லாம் பழசு மாதிரியே கிடக்கு?” என்றார்.

கொட்டாஞ்சேனை:

அண்ணா, நான் குளோன்ஸில்லாக்காரன், இமேஜ் எடுக்கவும் மீட்கவும் அந்த இலவச புரோகிராம்தான். அதுவும் புது டிஸ்க் சின்னதென்றால் முரண்டு பிடிக்கும். ஆனால் எனக்கு வந்த வில்லங்கம் வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று கடந்திருக்கும். ரீஸ்டோர் 62 வீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய்விட்டது. நாடு முழுக்க! பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்களே, அந்த நாள்தான். யூபிஎஸ் பத்து நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது.

பேக்கப்பும் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மீட்கும்போது பேக்கப் டிஸ்க்கிலிருந்து படிக்கத்தான் செய்யும், அதில் எதையும் எழுதாது. அரைகுறையாக எழுதப்பட்டது புது டிஸ்க்தான். இரவு கரண்ட் நிலையாக நின்ற பிறகு முதலிலிருந்து ஓடவிட்டேன், முடிந்தது. இமேஜ் எடுத்த உடனே அது மீட்கக்கூடியதா என்று சோதிக்கவா என்று குளோன்ஸில்லா கேட்கும். நேரம் எடுக்கிறதென்று வேண்டாம் என்றுதான் முன்பெல்லாம் கொடுப்பேன். அந்தக் குரங்குக்குப் பிறகு கொடுப்பதில்லை.

மட்டக்குளி அக்கா:

எனக்குக் கணினி முழுவதும் வேண்டாம். மகளின் ஏ.எல். செய்முறைக் கோப்பு ஒன்று அழிபட்டுவிட்டது. போன மாத இமேஜில் இருக்கும். ஒரு கோப்புக்காக எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமா தம்பி?

வெள்ளவத்தைக்காரன்:

ஐயோ, வேண்டாம் அக்கா. முழுதாக மீட்டால் இந்த மாதம் செய்ததெல்லாம் போய்விடும். இமேஜ் ஃபோல்டருக்குள் போங்கள், அனுமதி கேட்டால் சரி கொடுங்கள். விஎச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதை இரண்டு தரம் தட்டினால் புதிதாக ஒரு டிரைவ் போலத் திறக்கும். வேண்டியதைப் பிரதியெடுத்துவிட்டு, வலது கிளிக் செய்து வெளியேற்றிவிடுங்கள். உள்ளே எதையும் மாற்றாதீர்கள்.

வெல்லம்பிட்டி:

2016 மே வெள்ளம். தண்ணி வருகுது என்றதும் உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். கணினி மேசைமேல், பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கீழ் லாச்சியில். நாலு நாள் கழித்து வந்து லாச்சியை இழுத்தால் அது உப்பிப்போய் வரவே மாட்டேன் என்கிறது. உள்ளே டிஸ்க் சேற்றுக்குள்.

மருதானையில் ராத்தா வீட்டில் எட்டு மாதத்துக்கு முந்திய இமேஜ் ஒன்று தற்செயலாகக் கிடந்தது. இடம் காணாமல் பழைய டிஸ்க்கை அங்கே கொண்டுபோய் வைத்தது, யோசித்துச் செய்த காரியமில்லை. வேறு மதர்போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றை வாங்கி அதில் போட்டேன். எழும்பியது. ஆனால் விண்டோஸ் தன் லைசென்சைத் திரும்பக் கேட்டது, டிரைவர்களையும் புதிதாகப் போடவேண்டி வந்தது. அந்த எட்டு மாதக் கடைக் கணக்கை வாப்பா பில் கட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு திரும்ப எழுதினார். பில்லுகள் மேல்தட்டில் இருந்தபடியால் நனையவில்லை.

தெஹிவளை அம்மா:

என்னுடையது மடிக்கணினி. மகன் டொராண்டோவுக்குப் போகமுதல் எல்லாம் ஏற்பாடு செய்து, “அம்மா, ஏதும் நடந்தால் இந்த டிஸ்க்கைக் குத்தி மீட்டுக்கொள்ளுங்கோ” என்று தாளில் படிப்படியாக எழுதியும் தந்திருந்தான். போன ஜூலையில் நடந்தது. தாளைப் பார்த்துக்கொண்டே போனேன், நாலாவது படியில் நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவி கேட்டது. தாளில் அது இல்லை.

சாவி மகனுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில். இங்கே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. எழுப்பினேன். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அவன் நித்திரைக் குரலில் சொல்லச் சொல்ல நான் ஒரு விரலால் தட்டுகிறேன். ஐந்தாவது தொகுதியில் ஒரு 7 கூடிவிட்டது. ஏற்கவில்லை. “அம்மா, முதல்ல எழுதுங்கோ, பிறகு தட்டுங்கோ” என்றான். எழுதக் கையில் அகப்பட்டது சாமி அறைப் பஞ்சாங்கம்தான், அதன் பின்னட்டையில் எழுதினேன். திறந்தது. மத்தியானம் சோறு இறக்குவதற்குள் எல்லாம் பழையபடி.

அந்த 48 இலக்கமும் இன்னும் அந்தப் பின்னட்டையில்தான் இருக்கின்றன. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கும்போது எடுத்தெழுத வேண்டும்.