கோல்ஃப்: அயர்ன் அடியில் பந்துக்கு முன்பே மண் பெயர்வது ஏன்?

கேள்வி (தஞ்சாவூர்):
வயலோரப் புல்தரையில் 7ஆம் எண் அயர்னால் (உலோகத் தலையுள்ள கோல்ஃப் மட்டை) அடிக்கும்போது, பந்துக்குப் பின்னாலுள்ள மண்ணில் மட்டை முதலில் பட்டு, பந்து பாதித் தொலைவிலேயே விழுந்துவிடுகிறது. செயற்கைப் புல் விரிப்பில் இக்குறை தெரிவதில்லை. என்ன செய்யலாம், ஐயா?

மறுமொழி (கும்பகோணம்):
விரிப்பு உங்களை ஏமாற்றுகிறது. மட்டை அதில் வழுக்கிச் சென்று பந்தை அடைந்துவிடுவதால் பிழை மறைகிறது. வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்தைக் கடந்து இலக்கின் பக்கம் சில அங்குலம் தள்ளி அமைய வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் எனில், கீழ்நோக்கி வீசத் தொடங்கும்போதே உடல் எடையை இடக்காலுக்கு மாற்றுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு இட்டு, பந்தின்றி வீசி, கோட்டுக்கு அப்பால் மண் பெயர்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி (மயிலாடுதுறை):
பந்தைத் தூக்கிவிட முயலாதீர்கள். அதை மட்டை முகத்தின் சாய்வே செய்யும். கோடையில் இறுகி வெடித்த நம் களிமண்ணில் மட்டும் இப்பயிற்சி வேண்டாம், மணிக்கட்டு நோகும்.